இருபது குன்றிமணி

உன் மகள் செல்வி நேற்று வந்திருந்தாள். மாயவரத்திலிருந்து கும்பகோணம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாளாம். ஐம்பத்து நாலு வயதில் எதற்கு இந்த வீம்பு என்று திட்டினேன். "அம்மா எழுவத்தஞ்சு வயசுல நின்னுக்கிட்டு வருவாங்களே, அவங்களைத் திட்டினீங்களா?" என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் திட்டினேன் என்பது உனக்குத்தான் தெரியும்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் உன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். சேலைகளுக்கு அடியில் கிடந்தவற்றை மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்து என் சாப்பாட்டு மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தாள். அடி கருகிப்போன ஒரு டெஸ்ட் டியூப். அதைத் தீயில் காட்டும்போது பிடித்துக்கொள்கிற மரக்கவ்வி. கடைசியாக, கட்டைவிரல் உயரத்தில் ஒரு பழைய இன்சுலின் குப்பி. மூடியைப் பிடுங்கிவிட்டு வாயில் சிவப்புத் துணி அடைத்திருந்தது. உள்ளே குன்றிமணிகள்.

"மொத ரெண்டும் எனக்குத் தெரியும் பெரிம்மா. அம்மா தெனம் காலையில காய்ச்சிப் பாப்பாங்க. இதுதான் என்னன்னு தெரியல. எண்ணிப் பாத்தேன், இருவது இருக்கு. ஏன் இதைப் போயி பட்டா காயிதத்தோட சேத்து வச்சிருந்தாங்க?"

காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை, பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. இப்படி என்னை மாட்டிவிட்டுப் போய்விட்டாயே, கள்ளி. பெட்டியில் அதை ஏன் விட்டுவைத்தாய் என்று எனக்குத் தெரியாதா?

செல்விக்குச் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்வதுபோல ஒரு தடவை எல்லாவற்றையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அதைத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறினாப்போல இருக்கிறது என்பாய். இருக்கட்டும், நீ படித்துப் பழகியதுதானே.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்கு நான் நர்ஸாக வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. கழக ஆட்சி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஊர்ச் சுவர்களில் ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் அரிவாள், நடுவில் எங்கள் டிபார்ட்மென்ட் வரைந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். "கல்யாணமே கட்டாத பொண்ணு புருசன் பொண்டாட்டிக்கு யோசனை சொல்ல வந்திருக்கு" என்று நாற்று முடிச்சோடு வரப்பில் நின்று முதலில் சிரித்தவள் நீதான். அன்றைக்கு உன்னைப் பிடிக்கவில்லை எனக்கு. திமிர் பிடித்தவள் என்று நினைத்தேன். அது சரிதான் என்று பிறகு தெரிந்தது, பிடித்தும் போயிற்று.

உன் இரண்டாவது பிரசவத்தை நான்தான் பார்த்தேன். வயிறு பெரிதாக இருக்கிறது, சிங்கம்போல ஆண் பிள்ளை வரும் என்று ஊரே சந்தோஷப்பட்டது. உன் மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உன் வயிற்றைக் காட்டினார். நானும் சேர்ந்து சந்தோஷப்பட்டேன், நர்ஸ் படிப்புப் படித்தவள். ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்கிற புத்தி எனக்கு வரவில்லை. தோள் மாட்டிக்கொண்டு, வெளியே எடுக்கிறபோது குழந்தைக்கு உயிர் இல்லை. மூன்றாவது, எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றுபோனது. அதற்கப்புறம்தான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உனக்குச் சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தார்கள். உனக்கு அப்போது இருபத்தேழு வயது. கையில் ஆறு வயது செல்வி மட்டும் மிச்சம்.

ஊருக்கு அது வேடிக்கையாகப் போயிற்று. சர்க்கரை என்றால் மிராசுதார் வீட்டு வியாதி, நடவுக்குப் போகிறவளுக்கு எப்படி வரும்? நீ அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாய். "நெலத்தைப் பிரிச்சுக் குடுங்கன்னு கேட்டோம். பண்ணை நல்ல மனசு, நோயைப் பிரிச்சுக் குடுத்துட்டாரு" என்றாய். களத்துமேட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பண்ணையின் காரியக்காரர்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

காலையில் என் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்து நிற்பாய். கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து நான் போட்டுவிடுவேன். மருந்துக் குப்பி என் வீட்டு மூலையில் ஈர மணல் பானைக்குள் இருக்கும். ஊசிக்கு முன்னால் சோதனை. நீல மருந்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலம் மாறாவிட்டால் நல்லது. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று ஏறினால் சர்க்கரையும் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டே வாரத்தில் என்னை நகரச் சொல்லிவிட்டு நீயே காய்ச்ச ஆரம்பித்தாய். நிறத்துக்கெல்லாம் உன் பெயர்கள்தான். "இன்னிக்கு நாத்தங்கால் அக்கா" என்றால் பச்சை. "அறுப்புக்கு வந்துடுச்சு" என்றால் மஞ்சள். "சூளை" என்று ஒரு சொல்லோடு நிறுத்தினால் செங்கல்.

நர்ஸம்மா என்றுதான் முதலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். மூன்றாவது பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்த அன்று அக்கா என்றாய், அப்புறம் மாற்றவே இல்லை. செல்விக்கும் நான் பெரியம்மா ஆனேன்.

இன்னொரு கர்ப்பம் வந்தால் கண் போகலாம், உயிரும் போகலாம் என்று தஞ்சாவூர் டாக்டரம்மா உன்னிடம் நேராகவே சொல்லியிருந்தார். நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இனிமே வரக்கூடாது. அதுக்கு என்ன வழி?" எனக்கு அப்போது ஒரு வழிதான் கண்ணில் பட்டது. அந்த மாதம் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். ஒவ்வொரு நர்ஸும் இத்தனை கேஸ் கொண்டுவர வேண்டும் என்று மேலே இருந்து நெருக்கடி. கொண்டுவராவிட்டால் இன்கிரிமென்ட் நிற்கும், தண்ணியில்லாத ஊருக்கு மாற்றல் வரும். என் பட்டியலில் ஒரு ஆள் குறைந்தது. உனக்கு ஆபரேஷன் வேண்டும், எனக்கு ஆள் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முகாமில் நடந்ததை இத்தனை வருடத்தில் நாம் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசியதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். வராந்தாவில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு சின்னப் பாட்டில். மேசையில் ஒருவர் வாங்கி வாங்கிக் காய்ச்சிப் பார்த்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். சர்க்கரை தெரிந்தால் அறுக்க மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் உன்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டு ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தேன்.

"இதைக் குடு. உன்னுதைக் கீழ ஊத்திடு."

"இது யாருது?"

"என்னுது."

நீ பாட்டிலைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். கோபப்படுவாய் என்று நினைத்தேன். நீ கோபப்படவில்லை, கணக்குப் பரீட்சையில் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய்.

"ஏங்க்கா, உங்க மூத்திரத்தைப் பாத்துட்டு என் வயித்தை அறுப்பாங்களா? புண்ணு உங்களுக்கா ஆறாமக் கெடக்கும், எனக்குல்ல?" என்றாய். "என் உடம்பைப் பத்தி என்னுதுதான் சொல்லணும்."

வராந்தா ஓரத்துச் சாக்கடையில் என் பாட்டிலைக் கவிழ்த்தாய். உன் பாட்டிலோடு மேசைக்குப் போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்குச் சக்கரை இருக்குங்க. செங்கல் கலர்ல வரும். பாத்துட்டு என்ன பண்ணலாம்னு சொல்லுங்க" என்றாய். டாக்டர் எழுந்து வந்து பார்த்தார். இந்த நிலையில் இங்கே தொட முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லிவிட்டார். ஆள் குறைந்ததற்கு அத்தனை நர்ஸுகளுக்கும் முன்னால் மேலதிகாரி என்னை நிற்கவைத்துத் திட்டினார்.

இரண்டு நாள் உன்மேல் எனக்குக் கோபம். ஊசியைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்றாம் நாள், அந்த முகாமில் சர்க்கரை இல்லாத ஒருத்திக்கே தையல் சீழ் பிடித்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அவளுக்கு நான்தான் கட்டு மாற்றினேன். அன்றைக்கு நீ அதைச் சாக்கடையில் ஊற்றாமல் இருந்திருந்தால் உன்னை நானே கொன்றிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. உன்னிடம் அதைச் சொல்ல வந்தபோது, "ஊசியை வலிக்காம போடுங்க, அது போதும்" என்று பேச்சை முடித்துவிட்டாய்.

பிறகு இருவரும் தஞ்சாவூர் போனோம். அந்த டாக்டரம்மா பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். கர்ப்பப்பைக்குள் லூப் போடலாம், ஆனால் இவ்வளவு சர்க்கரையில் உள்ளே சீழ் பிடித்தால் கஷ்டம். கர்ப்பத்தடை மாத்திரை சர்க்கரையை ஏற்றிவிடும். ஆபரேஷன் என்றால் சில மாதம் சர்க்கரையை இறக்கிக் காட்டிய பிறகுதான். அந்தக் காலத்து மருத்துவம் அப்படி. இப்போது சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிற பெண்களுக்கு எவ்வளவோ வழி இருக்கிறது, டாக்டரைக் கேட்டுத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். உனக்கு அன்றைக்கு எல்லாக் கதவும் பாதி மூடியிருந்தது. சீட்டை எழுதிக்கொண்டே கடைசியாக, "உன் வீட்டுக்காரர் பண்ணிக்கிட்டா ரொம்பச் சுலபம். யாரு கேக்கிறாங்க?" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாபநாசம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "எந்த வழியா இருந்தாலும் என் உடம்புக்குள்ளயேதான் போவணுமா? வீட்ல இன்னொரு உடம்பு இருக்குல்ல."

அந்த இன்னொரு உடம்பு யாருடையது? விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். ஆறடி ஆள். பண்ணை வாசலில் கொடியோடு போய் நின்று, கூலிக்கு அரை மரக்கால் நெல் கூடக் கொடுக்காமல் அறுவாள் எடுக்க மாட்டோம் என்று சொன்னவர். போலீஸ் வண்டி வந்தபோதும் நகராதவர். நீ வீட்டுக்குப் போய்க் கேட்ட அன்று அந்த மனிதர் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாராம். மறுநாளும் கேட்டிருக்கிறாய், மறுநாளும் கொல்லைக் கதவு.

அந்தத் தை மாதம் சங்கம் அறுப்பு வேலைநிறுத்தம் அறிவித்திருந்தது. நெல் தலை சாய்ந்து நின்றது, ஒருவரும் வயலில் இறங்கவில்லை. ஒரு மத்தியானம் நீ பாயைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, செல்வியைக் கையில் பிடித்துக்கொண்டு என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாய். என்ன சண்டை என்று பதறினேன்.

"சண்டை இல்லக்கா. வேலைநிறுத்தம். ஒரு மனு எழுதணும், பேப்பர் எடுங்க."

டிபார்ட்மென்ட் படிவத்தின் பின்பக்கத்தில் நான் எழுதினேன், நீ சொல்லச் சொல்ல. சங்கத்து மனு எப்படித் தொடங்கும் என்று உனக்கு மனப்பாடம். மேற்படி ஊரில் மேற்படி தேதியில் என்றுதான் ஆரம்பித்தாய். இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்தவள் என்பதாலும், மூன்றாவது தடவை தானே மண்ணுக்குள் போக விருப்பமில்லை என்பதாலும், தாங்கள் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், பேச்சுவார்த்தை முடிகிறவரை தங்கள் பக்கத்தில் படுக்க இயலாது. சிரிப்பை அடக்க முடியாமல் மை கொட்டிவிட்டேன். நீ சிரிக்கவில்லை. சங்கத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் போட்டாய். செல்வியிடமே கொடுத்தனுப்பினாய்.

தினமும் போய்ச் சோறு மட்டும் ஆக்கிவைத்துவிட்டு வருவாய். "அதுல நிறுத்தம் இல்ல. பட்டினி போடறது பண்ணை செய்யற வேலை" என்றாய். ஊருக்கு, ஊசி போட்டுக்கொள்ள வசதியாக நர்ஸ் வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று சொல்லிவைத்தோம். அந்த நாட்களில் என் வீடு எவ்வளவு கலகலப்பாக இருந்தது தெரியுமா? ஒண்டியாக இருந்தவள் நான். வேலைநிறுத்தம் இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதையும் இப்போதுதான் உன்னிடம் சொல்கிறேன்.

பதினோராம் நாள் சாயங்காலம் பண்ணை இறங்கிவந்தது. தாசில்தார் முன்னிலையில் அரை மரக்காலுக்கு ஒப்பந்தம். பறையடித்துக்கொண்டு எல்லாரும் தெருவில் போகும்போது அவர் மட்டும் பிரிந்து வந்து என் வாசலில் நின்றார். தோள் துண்டு கையில் இருந்தது.

"அங்க கையெழுத்து ஆயிடுச்சு நர்ஸம்மா. இங்கயும் முடிச்சுக்கலாம்னு வந்தேன்."

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார், எனக்குத்தான் சொன்னார், உன்னைப் பார்க்காமல். "பயமா இருக்கு. அதைப் பண்ணிக்கிட்டா நெல்லுக்கட்டு தூக்க முடியாதுங்கறாங்க, இடுப்பு சோந்துடும்ங்கறாங்க. நாளைக்கு நான் தலையில கட்டோட தடுமாறினா, கொடி புடிச்சவன் கதியைப் பாருன்னு பண்ணையில சிரிப்பாங்க. எங்க எல்லாத்துக்கும்ல அது கேவலம்?"

போலீஸுக்குப் பயப்படாதவர் அப்படிச் சொன்னது எனக்குச் சங்கடமாக இருந்தது. பலம் எதுவும் போகாது, அது வேறு நரம்பு, இது வேறு குழாய் என்று என்னென்னவோ விளக்கினேன். நீ குறுக்கே வந்தாய். "மூணு புள்ளையைச் சொமந்து பெத்தேன். எட்டாம் நாள் நான் நடவுக்குப் போவல? ஒங்களுக்கு ஒரு தையல்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். நீ கிட்டே போய் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாய். "எனக்குச் சாவப் பயமா இருக்குய்யா. செல்வியை விட்டுட்டுப் போவப் பயமா இருக்கு."

நீ பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். அவர் கேட்டதும் அதுதான் முதல் தடவையாக இருக்கும். "அறுப்பு முடிஞ்சு போலாம்" என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். யாருக்கும் தெரியக் கூடாது, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று சொல்லிக்கொள்வார். எனக்கு எரிச்சலாக வந்தது. முகாமில் நாலு பேர் முன்னால் உண்மையைச் சொன்னவள் நீ, இதற்கு ஒப்புக்கொள்வாயா என்று பார்த்தேன். நீ உடனே ஒப்புக்கொண்டாய். "அது அவரு உடம்பு அக்கா. அதைப் பத்தி அவருதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லக்கூடாது."

மாசி மாதம் மூன்று பேரும் தஞ்சாவூர் போய் வந்தோம். ஆபரேஷன் முடிந்த கையோடு பழையபடி இருந்துவிட முடியாது, குறைந்தது இருபது தடவை ஆணுறை போட்டுக்கொள்ள வேண்டும், அப்புறம் ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்த பிறகுதான் பயமில்லை. இதை உனக்கு நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன். கல்யாணமாகாத நர்ஸின் பிழைப்பு அப்படி. நீ வேலியில் குன்றிமணி பறித்துவந்து, காலியான இன்சுலின் குப்பியைக் கழுவி வைத்துக்கொண்டாய். ஒரு தடவைக்கு ஒரு மணி.

நடுவில் ஒருநாள் ஊசிக்கு வந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாய். "அவரு மணியை ரெண்டா சேத்துப் போட்டுட்டாருக்கா. சீக்கிரம் முடிஞ்சுடுமாம். நான் ஒண்ணை எடுத்துட்டேன். ஒப்பந்தம்னா ஒப்பந்தம்." அன்றைக்கு உன் டெஸ்ட் டியூபில் நாற்றங்கால் பச்சை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சித்திரையில் ஒருநாள் அவர் என் வாசல் வழியாகப் போனார், தலையில் வண்டிச் சக்கரம் அகலத்துக்கு வைக்கோல் கட்டு. அந்தப் பக்கம் அவருக்கு வழியே கிடையாது. என் வாசலில் நின்று, கட்டோடு ஒரு சுற்றுத் திரும்பிக் காட்டிவிட்டுப் போனார். அந்த வருடம் உங்கள் தெருவிலிருந்து இன்னும் இரண்டு ஆண்கள் என்னிடம் குடலிறக்கம் என்று வந்தார்கள். அவர்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் நீ பட்டதெல்லாம் எனக்குத் தெரியும். சர்க்கரை அவள் வயிற்றைக் கருக்கிவிட்டது என்றார்கள். ஒற்றைப் பிள்ளைக்காரி, அதுவும் பெண் என்றார்கள். உன் மாமியார் மகனுக்கு இன்னொரு பெண் பார்க்கப் போனார், அவர் சிரித்துக்கொண்டே மறுத்தார், ஊர் அவரைத் தங்கமான மனிதர் என்றது. உன்னைப் பாவம் என்றது. நான் திருவையாற்றுப் பக்கம் மாற்றலாகிப் போன பிறகும் லீவுக்கு வரும்போதெல்லாம் யாராவது என்னிடம் வந்து உன்னைப் பாவம் என்பார்கள். எனக்கு நாக்கு துறுதுறுக்கும். நீ கண்ணாலேயே அடக்குவாய். அவர் போய்ப் பத்து வருடமாகியும் நீ சொல்லவில்லை.

போன ஐப்பசியில் என் வீட்டுக்கு வந்திருந்தாயே, அதுதான் கடைசி. அன்று நீயாகப் பேச்சை எடுத்தாய். "அவரு சாவறதுக்கு முன்னாடி செல்விக்குத் தெரிஞ்சா பரவால்லன்னு சொல்லிட்டாரு. நான் எப்படிச் சொல்லுவேன், என் வாயால? அவ கேட்டா நீங்க சொல்லுங்கக்கா. கேக்காட்டி விட்டுடுங்க." அவள் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் பட்டா காகிதத்தோடு அந்தக் குப்பியை வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

அவள் கேட்டுவிட்டாள். பொங்கியது போக மிச்சப் பாலில் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்து, உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றியது, பாயைச் சுருட்டி வந்தது, மனு, மணி. மனுவைத் தான்தான் கொண்டுபோய்க் கொடுத்தோம் என்பது அவளுக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறதாம். அப்பா அதைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டாராம்.

காபி ஆறிப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மாவால அதுக்கு மேல பெத்துக்க முடியலன்னுதான் பெரிம்மா இத்தனை வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன். எல்லாரும் பாவம்பாங்க. நானும் பாவம்னுதான் பாத்துக்கிட்டேன்."

"பாவமா? அவளா?" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "உன்னை வளக்கறதுக்கு உயிரோட இருக்கணும்னு அவ முடிவு பண்ணினா. பண்ணையை மடக்கின ஆளை மடக்கி அதை நடத்திக் காட்டினா. அப்புறம் அந்த ஆளு மானத்தையும் காப்பாத்தினா. ஊர்ல எவளுக்கு இருந்துச்சு அந்தத் தெம்பு?"

செல்வி அழுதாள். அழுது முடித்து, "அப்பா வைக்கோல் கட்டோட சுத்திக் காமிச்சாரா?" என்று கேட்டுச் சிரித்தாள். போகும்போது குப்பியைத் திரும்ப மஞ்சள் பையில் வைத்துக்கொண்டாள். அது தன்னிடமே இருக்கட்டும் என்றாள். டெஸ்ட் டியூபை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நாற்பத்தெட்டு வருடம் சர்க்கரையோடு இருந்தாய். இரண்டு கண்ணும் தெரிய, இரண்டு காலும் இருக்க, மகள் மடியில் தலைவைத்துப் போனாய். எத்தனை பெரிய வீட்டுப் பெண்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு அது வாய்க்கவில்லை. உன்னைத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அவ்வளவு பெருமை.

எனக்கும் அந்த நோய் வந்தபோது, "வாங்க, சங்கத்துல சேந்துட்டீங்க" என்று கைகொட்டினாய். இங்கே ஒரு பழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். டெஸ்டுக்கு மூன்று நாள் முன்னால் எல்லாரும் இனிப்பை விட்டுவிடுவார்கள், வாயைக் கட்டுவார்கள், டாக்டரிடம் நல்ல பெயர் வாங்க. நர்ஸாக இருந்த நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இன்று காலை லேப்புக்குப் போக வேண்டியிருந்தது. நேற்று செல்வி கொண்டுவந்த பால்கோவாவை நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டிருந்தோம், நான் கொஞ்சம் அதிகமாகவே. அதற்காக ஒத்திப்போடவில்லை. என்ன வருகிறதோ வரட்டும் என்று போனேன். அங்கே இருந்த பெண் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, "பேரு எழுதிக் குடுங்கம்மா" என்றாள். எழுதி ஒட்டிக் கொடுத்தேன். வெளியே என் பெயர், உள்ளே என்னுடையதுதான்.